சாவிக்கு ஓர் ஆதாரம்

எங்கள் அகராதி அலுவலகத்தில் பொய் சொல்லத் தெரியாத ஆள் யார் என்று கேட்டால், வாசல் காவலாளியிலிருந்து பதிப்பாசிரியர் வரை எல்லாரும் அட்டையாரைத்தான் கைகாட்டுவார்கள். நான் அங்கே தட்டச்சுக்காரி. இருபத்தாறு வருஷம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் வேலை அட்டை எழுதுவது. பழைய புத்தகம், ஏடு, கடிதம் எதுவானாலும் படிக்க வேண்டியது. ஒரு சொல் கண்ணில் பட்டால் அது வருகிற வாக்கியத்தை அப்படியே அட்டையில் இறக்க வேண்டியது. எந்த நூல், எந்தப் பக்கம், எந்தக் காலம் என்று குறித்து, கீழே தன் சுருக்கொப்பத்தைப் போட வேண்டியது. ஒப்பம் இல்லாத அட்டை எங்களிடம் குப்பைக்குச் சமம். பிரதி எழுதுகிற எல்லாருக்கும் ஒரே மாதிரி உருண்டை எழுத்துப் பழக்கிவிடுவார்கள். ஒப்பத்தை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அட்டையார் முப்பத்தொரு வருஷத்தில் அறுபதாயிரத்துக்கு மேல் எழுதியிருந்தார். ஒன்றில்கூட யாரும் பிழை கண்டதில்லை. புத்தகத்தில் ஒட்டிக்கொண்டால் உப்புப் போட்டாலும் விடமாட்டார் என்று அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். அவருக்கும் அதில் பெருமை.

வினை வந்தது 'சாவி' என்ற சொல்லால். பூட்டைத் திறக்கிற சாவி, போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்து இறங்கிய சொல். அதற்குத் தாய் லத்தீனில் 'கிளாவிஸ்'. அதே தாயின் பிள்ளைகள் இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் இருக்கிறார்கள். பிரெஞ்சுக்குப் போன பிள்ளை, இசைத்தாளின் தொடக்கத்தில் போடுகிற குறிக்கும் பெயராகிவிட்டது. கப்பலில் வந்ததுதான் மராத்தியில் சாவி, இந்தியில் சாபி. நம்மிடம் வேறொரு சாவியும் உண்டு: மணி பிடிக்காமல் பதராகப் போன கதிர். அது 'சா' என்ற நம் சொந்த வேரில் முளைத்தது. கப்பல் சாவிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதையெல்லாம் தட்டித் தட்டி எனக்கு மனப்பாடம்.

அட்டையாருக்கு இது பொறுக்கவில்லை. அப்போதிருந்த தலைமைப் பதிப்பாசிரியரிடம் போய் மல்லுக்கு நின்றார்.

"பூட்டு நம்மளது, கதவு நம்மளது, சாவி மட்டும் அவங்களதா சார்?"

"திறவுகோல்னு ஒண்ணு இருக்கேய்யா."

"அதை வீட்டுல யாரு சார் பேசறாங்க? 'திறவுகோலை எங்க வச்சே'ன்னு நீங்க வீட்டுல கேட்டிருக்கீங்களா?"

பெரியவர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "கப்பல் வர்றதுக்கு முந்தி ஒரே ஒரு வரி காட்டு, மாத்திடறேன். ஆதாரம் இல்லாம இங்க வந்து உருகாதே." நாங்களும் சிரித்தோம். நான் கொஞ்சம் உரக்கவே சிரித்தேன்.

அட்டையார் இரண்டு வருஷம் தேடினார். விடுமுறை நாளில்கூட வந்து ஏடுகளைப் புரட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் பெரியவர் படுத்த படுக்கையாகி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சகர வரிசைத் தொகுதியும் தள்ளிப்போயிற்று. சாவி என்ற சொல் தன் அட்டைகளோடு இழுப்பறையில் கிடந்தது. எல்லாரும் மறந்துவிட்டோம்.

ஏழெட்டு வருஷம் கழித்து டீச்சர் வந்தார். நாற்பதை நெருங்குகிறவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டுப் பூட்டு, தாழ்ப்பாள், கதவு சம்பந்தமான சொற்களை வைத்து முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். பட்டம் வந்தால் கல்லூரி வேலை நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள். புருஷனுக்கு இதில் இஷ்டமே இல்லை. "நாலு வருஷத்துல முடிக்கலைன்னா மூட்டை கட்டிடணும்னு சொல்லிட்டாருக்கா," என்று என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று பெண்களுக்குத் தெரியும்.

நாலாவது வருஷம் ஒரு நாள் காலை, சாவி இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஏதோ ஒரு பழைய கிடங்கின் காவல் முறை ஏடு. 'கிடங்கின் சாவி இரண்டும் காவலன் கையில்' என்று ஒரு வரி. காலம், கப்பல் வருவதற்கு நூறு வருஷம் முந்தி. கீழே ஒப்பம், செத்துப்போன ஒரு பிரதியாளருடையது.

"அண்ணே, பாத்தீங்களா? இது மட்டும் நிஜமா இருந்தா எல்லா அகராதியையும் திருத்தணும்ணே!"

அட்டையார் முகம் செத்துவிட்டது. சந்தோஷத்தில்தான் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

"ஆவணக் காப்பகத்துல கூரை ஒழுகுதுன்னு ஆறு மாசத்துக்குப் பூட்டிட்டாங்க. மூல ஏட்டைப் பாக்காம இதைப் போடலாமாண்ணே? எனக்கு நாள் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். "நம்ம அட்டை தப்பாதும்மா," என்றார்.

என் காதால் கேட்டேன். டீச்சர் அந்த அட்டையை வைத்து ஒரு முழு இயலே எழுதினார்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் விடாக்கண்டர். காப்பகம் திறந்ததும் தானே போய் அட்டையில் குறித்திருந்த எண்ணுள்ள ஏட்டை எடுக்கச் சொல்லியிருக்கிறார். வந்தது மாட்டு வைத்திய ஏடு. கிடங்குமில்லை, காவலனுமில்லை. பல்கலைக்கழகத்தில் விசாரணைக் குழு போட்டார்கள். குழு எங்கள் பொருட்கிடங்குப் பதிவேட்டைப் பார்த்தது. அந்தச் சாவி அட்டையைப் போல முனை மழுக்கிய அட்டைக்கட்டு வந்து சேர்ந்ததே, ஒப்பத்துக்குரியவர் செத்து மூன்று வருஷம் கழித்துத்தான். அப்படியானால் யாரோ செத்தவர் பெயரில் எழுதி உள்ளே செருகியிருக்கிறார்கள். அதனால் ஆதாயம் யாருக்கு? நாலு வருஷமாக இழுப்பறைகளைத் தன்னிஷ்டத்துக்குத் திறந்து மூடியவர் யார்? கேள்வியை முடிப்பதற்குள்ளேயே எல்லாருடைய பார்வையும் டீச்சர் பக்கம் திரும்பிவிட்டது.

அட்டையாரைக் கூப்பிட்டு, யார் எழுத்து என்று கேட்டார்கள். "சொல்ல முடியல," என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "என்ன சார், வீட்டுல அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"நான்தாம்மா எழுதினேன்."

எனக்கு முதலில் ஏறவில்லை.

"பெரியவர் சிரிச்சாருல்ல? அந்த ஆத்திரம் ஆறவே இல்ல. ரெண்டு வருஷம் தேடியும் கிடைக்கல. ஒரே ஒரு அட்டைன்னு எழுதினேன். என் ஒப்பம் போட கை வரல. அவர் பார்த்து ஒரு நாளாச்சும் முழிக்கட்டும், அப்புறம் எடுத்துக் கிழிச்சிடலாம்னு இருந்தேன். அவர் படுத்துட்டார். நானும் விட்டுட்டேன்."

"அடப்பாவி மனுஷா! அந்தப் பொண்ணு கேட்டப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே? தப்பாதுன்னு வாய் கூசாம சொன்னீங்களே!"

"அவ்வளவு சந்தோஷமா வந்து நின்னாளேம்மா... முப்பத்தொரு வருஷத்துல என் அட்டையைப் பார்த்து ஒருத்தர்கூட அப்படி ஓடிவந்ததில்ல."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள் என்றேன். போகிறேன் போகிறேன் என்று எட்டு நாள் இழுத்தார். அந்த எட்டு நாளுக்குள் டீச்சரின் முனைவர் பட்டப் பதிவை ரத்து செய்து உத்தரவு வந்துவிட்டது. மோசடி என்ற சொல் அதில் இரண்டு முறை இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் நகல் போயிற்று.

ஒன்பதாம் நாள் நானே அவரை இழுத்துக்கொண்டு போனேன். குழுத் தலைவர் மரியாதையாக எழுந்து நின்று நாற்காலி போட்டார். அட்டையார் எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் கேட்டுவிட்டு மெல்லத் தலையாட்டினார்.

"ஐயா, அறுபதாயிரம் அட்டை எழுதின கை உங்களுது. அந்தம்மா மேல இரக்கப்பட்டுப் பேசறீங்க. புரியுது."

"இரக்கமில்ல சார், நிஜம். இப்பவே உங்க கண்ணு முன்னால எழுதிக் காட்டறேன்."

"எல்லாரும் ஒரே மாதிரிதானே எழுதறீங்க? இதை வச்சு என்னத்த நிரூபிக்க?"

நான் குறுக்கே விழுந்தேன். "நான் சாட்சி சொல்றேன் சார்."

"அவர் எழுதும்போது நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லையே! பக்கத்திலிருந்த உறுப்பினர் பேனாவை மூடிக்கொண்டே அட்டையாரிடம் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் அந்தம்மாவுக்கும் எத்தனை வருஷப் பழக்கம்?"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அந்தக் கேள்வி தாழ்வாரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு நாளில் பள்ளிக்கூடம் போய், மூன்றாம் நாள் டீச்சரின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. சும்மாவா ஒரு மனுஷன் தன் பேரைக் கெடுத்துக்கொண்டு பழியேற்க வருவான் என்று கண், மூக்கு, காது வைத்துப் பேசினார்கள். உண்மையைச் சொல்லப் போய், அந்தப் பெண்ணுக்கு இன்னொரு கறையைத் தேடிக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம்.

அடுத்த வாரம் டீச்சர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். நேராக அட்டையார் மேசைக்குப் போனார்.

"அண்ணே, நீங்க சொன்னது நிஜமா?"

"நிஜம்மா."

டீச்சர் கைப்பையை மேசைமேல் வைத்தார். திட்டுவார், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார் என்று நான் காத்திருந்தேன். வீசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இனிமே இதை யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே."

"என்னம்மா சொல்றே? பத்திரிகைக்கு எழுதறேன். வழக்குப் போட்டாலும் வந்து..."

"வேணாம். மோசடிக்காரின்னா பட்டம் போச்சு, வேலை போச்சு, அதோட விட்டுது. நீங்க வாயத் திறக்கத் திறக்க அது வீட்டுக்குள்ள வருது. அவரு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போறாரு. என் பொண்ணு என் முகத்தைப் பாத்துப் பேசி நாலு நாள் ஆச்சு."

"நான் வீட்டுக்கு வந்து அவர் கால்ல விழுந்து சொல்றேம்மா."

"ஐயோ, வந்துடாதீங்க!" அப்போதுதான் டீச்சர் குரல் உடைந்தது. "வாயே திறக்கமாட்டேன்னு சொல்லுங்கண்ணே. எனக்கு அது போதும்."

அட்டையார் சரி என்று தலையாட்டினார். டீச்சர் போய்விட்டார். அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போயிற்று என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அட்டையாருக்கு ஓய்வு. பிரிவுபசார விழாவுக்கு அந்தக் குழுத் தலைவரும் வந்திருந்தார். மேடையில் பேசும்போது குரல் தழுதழுத்தது. "ஒரு பெண்ணின் குற்றத்தைக்கூடத் தன் தலையில் போட்டுக்கொள்ள முன்வந்தவர் இவர். இந்த அலுவலகத்தின் நேர்மைக்கு இவர் ஒருவர் போதும்," என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

அட்டையார் எழுந்து மைக் முன்னால் போய் நின்றார். வாய் திறந்தது, மூடியது. சொல்லிவிடுவாரோ என்று எனக்கு ஒரு பயம், சொல்லாமலே வந்துவிடுவாரோ என்று ஒரு பயம். "ரொம்ப நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். என்ன அடக்கமான மனிதர் என்று சொல்லி, எல்லாரும் இன்னொரு முறை கைதட்டினார்கள்.