அத்தை ஓடாத ஓட்டம்

கிளேபாங் கடற்கரையில் அத்தை என்னை ஓடி முந்திய மாலை இன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. ஈரமணல் சிமெண்டுத் தரைபோலக் கெட்டியாகக் கிடந்தது. சிப்பி பொறுக்க வந்த அம்மா, தூரத்தில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகைக் காட்டி, "அதுவரைக்கும் யாரு முதல்ல ஓடுறாங்கன்னு பாப்போம்" என்றாள். எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் முந்தியதில்லை. முந்தைய ஆண்டு எங்கள் வட்டார விளையாட்டுப் போட்டியில் பெண்கள் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள் நான். அத்தைக்கு முப்பது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிரித்தபடியே ஓடினார். பாதித் தூரம் வரை அவருடைய மூச்சு எனக்குப் பின்னால் கேட்டது. பிறகு பக்கத்தில் கேட்டது. பிறகு அவருடைய முதுகுதான் தெரிந்தது. படகைத் தொட்டுவிட்டுத் திரும்பி, "நல்லா ஓடுற மருமவளே" என்றார். அத்தைக்காக அம்மா கை தட்டினாள். அம்மா எனக்காகக் கை தட்டி அதுவரை நான் பார்த்ததில்லை.

அத்தை என் அப்பாவின் கூடப் பிறந்தவர். நான் நடை பழகும் முன்பு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு திரிவாராம். அப்போது அவர் எனக்குச் சித்தப்பா. ஜப்பான்காரன் போன கையோடு, பதினெட்டு வயதில் சிங்கப்பூருக்குப் போனவர், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, மலாய் நாடு சுதந்திரம் பெறவிருந்த அந்த வருஷத்தின் தொடக்கத்தில் காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நீலச் சேலை, நெற்றியில் பொட்டு, ரிக்‌ஷாவில் ஒரு தையல் இயந்திரம். அப்பா தையல் இயந்திரத்தை இறக்கி உள்ளே வைத்தார். பிறகு, "சாப்டியா?" என்று கேட்டார். அந்த விஷயத்தைப் பற்றி எங்கள் வீட்டில் அப்பா பேசிய முழுப் பேச்சும் அதுதான். அம்மாதான் என்னைக் கூப்பிட்டு, "இனிமே அத்தைன்னு கூப்புடு" என்றாள்.

இன்று திருநங்கை என்று மரியாதையான ஒரு சொல் இருக்கிறது. அன்று எங்கள் லாயத்தில் புழங்கிய சொற்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. நகராட்சித் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த பத்து வரிசை வீடுகள் அவை. ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த நாங்கள் பழக்கத்தில் லாயம் என்றே சொல்வோம். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் அங்கே நாகரிகம்.

லாயத்தின் கோடியில் தகரம் அடித்த இரண்டு குளிக்கும் இடங்கள் இருந்தன. ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. அத்தை வந்த முதல் சில நாட்கள் ஒரு வாளித் தண்ணீரை அறைக்குள் கொண்டுபோய் அங்கேயே குளித்தார். ஒரு நாள் காலை அம்மா அவர் கையைப் பிடித்துப் பெண்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே ஆறேழு பெண்கள் கைலியை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நகராட்சி ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் வீட்டம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "எல்லாரும் கட்டிக்கிட்டுத்தானே குளிக்கிறோம். அந்தப் புள்ள ஆம்பளைங்க பக்கம் போயி நின்னா நல்லா இருக்குமா? ஊத்திக்கம்மா." மூன்று பெண் பிள்ளைகளின் தாயான கடைசி வீட்டுக்காரி மட்டும் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று முதல் அத்தை குளித்துப் போன பிறகே தன் பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். அவளை நான் கொடியவள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்குப் பயம். அத்தையும் அதைப் புரிந்துகொண்டு, அவர்கள் வரும் நேரத்துக்கு முன்பே குளித்து முடித்துவிடுவார். இப்படித் தானாக ஓர் ஒழுங்கு அமைந்து, மாதக்கணக்கில் ஒரு சச்சரவும் இல்லாமல் போனது.

எனக்குள்தான் சச்சரவு. அத்தை வருவதற்கு முன்பு என் அம்மா அதிகம் பேசாதவள். வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டில் துணி துவைத்துவிட்டு வந்து, சமைத்து, படுத்துவிடுவாள். அத்தை வந்த பிறகு அவளுக்கு ஒரு வாய் முளைத்தது. தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சிறு வயதில் அவளுடைய தோட்டத்தில் நடந்த கூத்தையெல்லாம் சொல்வாள். எனக்கு ஒருநாளும் சொல்லாத கதைகள். நான் உள்ளே நுழைந்தால், "என்னா வேணும்?" என்று கேட்பாள். அத்தை அவளுக்குக் கை வைத்த ரவிக்கை ஒன்று தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு பாசாருக்குப் போனபோது அம்மா நிமிர்ந்து நடந்தாள். எனக்கும் பாவாடை தைத்துத் தந்தார். அதை நான் வேண்டுமென்றே ஆணியில் மாட்டிக் கிழித்தேன். மறுநாள் கிழிசல் இருந்த இடம் தெரியாமல் தைத்து என் பாயின் மேல் வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அது என்னை இன்னும் எரித்தது.

சித்தப்பாவுக்கு நான் மகள் முறை. அத்தைக்கு மருமகள். முறை மாறியதில் எனக்கு ஒரு பிடி குறைந்துவிட்டதாகவும், அவருக்கு ஒரு பிடி கூடிவிட்டதாகவும் நான் கணக்குப் போட்டேன். பதினைந்து வயதில் பொறாமைக்கு இப்படியெல்லாம் கணக்குத் தெரியும்.

சுதந்திரம் வந்தது. ஊரெல்லாம் கொடி. எங்கள் வட்டார இளைஞர் மன்றம் பாடாங் திடலில் விளையாட்டுப் போட்டி வைத்தது. பெண்கள் ஓட்டத்துக்கு மண்டோர் வீட்டம்மா என் பெயரோடு அத்தையின் பெயரையும் கொடுத்துவிட்டாள். "நம்ம லாயத்துக்கே ரெண்டு பரிசும் வரட்டும்" என்றாள். அத்தை முதலில் மறுத்தார். அம்மா விடவில்லை. "ஓடுங்க நாத்தனாரே. நான் வந்து பாக்கறேன்."

முந்தைய ஆண்டு நான் ஓடியபோது அம்மாவுக்கு வேலை இருந்தது. அந்த வருஷம் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

சுண்ணாம்புக் கோட்டில் எட்டுப் பேர் நின்றோம். நான் மூன்றாவது, அத்தை நான்காவது. கூட்டத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்று கையை ஆட்டினாள். யாரைப் பார்த்து ஆட்டினாள் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையும் திரும்பக் கையை ஆட்டினார். மன்றத்துச் செயலாளர் விசிலை வாயில் வைத்தார். அப்போது நான் சொன்னேன். கத்தவில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு வழி சொல்வதுபோல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சித்தப்பா, ஆம்பளைங்க ஓட்டம் இதுக்கு அப்புறந்தான்."

விசில் ஊதவில்லை. செயலாளர் என்னைப் பார்த்தார். "யாரைம்மா சொல்ற?"

"இவங்களைத்தான். எங்கப்பாவோட தம்பி."

கோட்டில் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கயிற்றுக்குப் பின்னால் ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ சீட்டியடித்தார்கள். செயலாளர் நல்ல மனிதர். அவர் முகம் சிவந்துவிட்டது. "இது பொம்பளைங்க ஓட்டம்... நான் என்னா செய்யறது, சொல்லுங்க" என்று அத்தையிடமே கேட்டார். அத்தை செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டார். கசங்கிய இடத்தைக் கையால் நீவினார். என்னைப் பார்த்து, "ஓடு மருமவளே. நல்லா ஓடு" என்று சொல்லிவிட்டுக் கோட்டை விட்டு நகர்ந்தார்.

நான் முதலாவதாக வந்தேன். இரண்டாவதாக வந்தவள் எனக்கு வெகு பின்னால் இருந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்ற இடம் காலியாக இருந்தது. பரிசாக ஆறு கண்ணாடிக் குவளைகள் கொடுத்தார்கள். அவற்றை அம்மா கடைசிவரை பயன்படுத்தவில்லை. விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டில் டம்ளர் இரவல் வாங்குவாள்.

அன்று நான் ஓர் ஓட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து லாயத்து ஆண்கள் கூடினார்கள். கடைசி வீட்டுக்காரர் எழுந்து, "ஓடுற எடத்துலயே ஆகாதுன்னா குளிக்கிற எடத்துல எப்படி ஆகும்?" என்று கேட்டார். அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் இப்போது பாடாங்கில் சொல்லப்பட்டுவிட்டது. சொன்னது வெளியாள் இல்லை. "உங்க மகளே சொன்னாளே" என்று அப்பாவிடம் சொன்னார்கள். மண்டோர் வீட்டம்மா உள்ளேயிருந்து ஏதோ சொல்ல வந்தாள். மண்டோர் அவளை முறைத்தார். அத்தை மறுபடியும் அறைக்குள் ஒரு வாளித் தண்ணீரில் குளிக்கத் தொடங்கினார். மாதம் முடிவதற்குள் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு கடையின் பின்புறம் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தையல் இயந்திரத்தை அப்பா சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள். ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "தோத்துருவோம்னு பயமா இருந்தா, ஓடாம இருந்திருக்கலாம்ல?" பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்புவாள். கோயிலிலிருந்து அத்தையின் அறை பத்துப் பன்னிரண்டு வீடு தள்ளி. இருட்டும்போது திரும்பி வருவாள். முகம் தெளிந்திருக்கும். என்னை ஒருநாளும் கூட்டிப் போனதில்லை. நான் துரத்திவிட்ட பிறகுதான் அம்மா முழுக்க முழுக்க அத்தைக்குச் சொந்தமானாள்.

நான் ஆசிரியையானேன். முப்பது வருஷம் பெண் பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது என் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு இதே விஷயத்தை வாதாடுகிறார்கள். யார் எந்தக் கோட்டில் நிற்பது, தோள் அகலமும் கால் நீளமும் எவ்வளவு என்றெல்லாம் பேசுகிறார்கள். ஒருத்தி நியாயம் என்கிறாள், இன்னொருத்தி இரக்கம் என்கிறாள். என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். கடற்கரையில் அத்தையின் முதுகைப் பார்த்தவள் நான். அது நியாயமான ஓட்டமா என்று ஒரு பெண் கேட்டால் அந்தக் கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் அன்று கேட்கவில்லை. அத்தையைத் தனியாக அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சிரித்துவிட்டு ஒதுங்கியிருப்பார். செயலாளரிடம் போய் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் போதாது. என் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது அத்தை பெண் இல்லை என்று ஆக வேண்டும். அதற்குத்தான் அந்தச் சொல்லை எடுத்தேன்.

அந்த ஓட்டம் நடந்து இருபத்தைந்து வருஷம் கழித்து, ஒரு மழைநாளில் அத்தை சாலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மருத்துவமனையில் அடையாள அட்டையைப் பார்த்து ஆண்கள் வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். அம்மா பஸ் ஏறி என் பள்ளிக்கூடத்துக்கே வந்தாள். அத்தை விஷயமாக அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. "நீ டீச்சர். மலாய் நல்லா பேசுவ. நீ சொன்னா கேப்பாங்க."

நாற்பது கட்டில்கள் கொண்ட அந்த வார்டில் அத்தை போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மாவை அவர் பக்கத்தில் விட்டுவிட்டு நான் தலைமைத் தாதியிடம் போனேன். மலாய்க்கார அம்மாள், வயதானவர். "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். "மாக் சௌடாரா" என்றேன். மலாயில் அத்தைக்கு அதுதான் சொல். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "நான் மட்டும் முடிவு செய்ய முடியாது. அங்கே இருக்கிறவர்களைக் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் வார்டுக்குப் போனார். பத்து நிமிடம் கழித்து வந்தார். இரண்டு பேர் வேண்டாம் என்றார்களாம். ஜன்னலோரம் படுத்திருந்த ஒரு செட்டிக் கிழவி, என் பக்கத்துக் கட்டில் காலியாகத்தானே கிடக்கிறது, இங்கே போடுங்கள் என்றாளாம். சுற்றிலும் துணித் திரை கட்டி, அந்த ஜன்னலோரத்தில் அத்தைக்கு இடம் கொடுத்தார்கள்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய் விட்டபின் நான் அவர் கால்மாட்டில் நின்றேன். இருபத்தைந்து வருஷமாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. "அத்தே, அன்னிக்கு பாடாங்குல..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்தேன்" என்றார். "நானும் அண்ணியும் மரத்தடியில நின்னு நீ ஓடுனத முழுக்கப் பாத்துட்டுத்தான் போனோம். கைய ரொம்ப வீசுன. அது மட்டும் இல்லன்னா இன்னும் வேகமா வந்திருப்ப."

அம்மா தலையாட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் இதை எனக்குச் சொன்னதே இல்லை. என் அம்மா நான் ஓடியதைப் பார்த்திருக்கிறாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அங்கேயே நின்றேன். அவர்கள் இருவரும் ஏற்கெனவே வேறு ஏதோ பேசத் தொடங்கியிருந்தார்கள். அம்மா கட்டில் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து குனிந்து ரகசியமாக எதையோ சொன்னாள். அத்தை வலிக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்னவென்று கேட்க நான் ஓரடி முன்னால் வந்தேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றாள். "பொம்பளைங்க பேசிக்கிட்டு இருக்கோம்."

திரையை இழுத்து மூடிவிட்டாள். நான் தாழ்வாரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எனக்கு நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். அந்தப் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. உள்ளே சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தேன்.