தாம்பூலப் பையில் போன தங்கம்

ஒத்தக்கடையில் நான் தங்கியிருக்கும் அறையில், போன ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் ஒரு கொள்ளைத் தொடரைப் பார்த்து முடித்தேன். எட்டுப் பகுதி மூச்சு வாங்க ஓடிவந்து பெட்டகத்தைத் திறந்தால், உள்ளே ஒன்றுமில்லை. யாரோ முன்பே எடுத்துவிட்டார்களாம். யார் என்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண்.

இந்த எரிச்சல் எனக்குப் பழையது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் கோச்சடையில் கேபிள் டிவி லைன்மேனாகவும் இருந்தேன். வெயிலில் காய்ந்த கறுப்பு வயருக்கு ஒரு வாசம் உண்டு. எங்காவது அது வந்தால் இப்போதும் கண் கம்பத்தைத் தேடும். அந்த நாட்களில் வாரம் ஒருமுறை ஒரு கொள்ளைத் தொடர் வந்தது. நான்கு பேர் வங்கிக்குச் சுரங்கம் தோண்டினார்கள். தெருவே அவர்களோடு சேர்ந்து தோண்டியது. ஒருத்தன் தங்கைகளைக் கட்டிக்கொடுப்பதற்காகக் கொள்ளையில் சேர்ந்தவன். அவன் தப்பிக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்களும் உண்டு. கடைசி வாரம், அத்தனையும் போலீசார் நடத்திய பயிற்சி என்று முடித்துவிட்டார்கள்.

மறுநாள் நான் கம்பத்தின் மேல் இருந்தேன். தையல்கடை காஜா அண்ணன் கீழே வந்து நின்றார். மேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனதில் கடைசிப் பகுதியைத் தவறவிட்டிருந்தார்.

"என்னப்பா, மாட்டிக்கிட்டாய்ங்களா?"

உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. அவர் கையில் தாம்பூலப் பை தொங்கியது. அதைப் பார்த்ததும் வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது.

"இல்லண்ணே. சுரங்கம் ஒரு கல்யாண மண்டபத்துல போயி ஏறுது. தங்கத்தத் தாம்பூலப் பையில போட்டுக்கிட்டு, மொய்யும் எழுதிட்டு, வாசல் வழியாவே போயிட்டாய்ங்க."

அவர் டீக்கடைக்குப் போய், மேலூர்க் கல்யாண வீட்டு டிவியில் தானே பார்த்ததாகச் சொல்லிவிட்டார். மேலூருக்கு முழுதாக வந்த முடிவை கேபிள்காரர்கள் நாங்கள்தான் வெட்டி மாற்றிவிட்டோம் என்று தெரு முடிவு செய்தது. நாங்களும் உள்ளூர்ச் சேனலில் இஷ்டத்துக்குப் படம் போடுகிறவர்கள்தான், சந்தேகப்பட்டதில் தவறில்லை. முதலில் பாண்டியம்மாள் அக்கா வயரைக் கழற்றச் சொன்னார். டிஷ் வைக்கப்போகிறாராம்.

முதலாளி என்னைப் பார்க்காமலே சொன்னார். "இன்னும் ரெண்டு வீடு போச்சுன்னா நீயும் கெளம்பிரு."

தையல்கடைக்கு ஓடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். காஜா அண்ணன் மிஷினை நிறுத்தினார்.

"அப்ப அந்தப் பய தங்கச்சிக கல்யாணம்?"

நான் கீழே கிடந்த நூல்கண்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"நான் கண்ணால பாத்தேன்னுல சொல்லிட்டேன்" என்றார். பிறகு மிஷினை மிதித்தபடி, "நீ சொன்னதே இருக்கட்டும் மாப்ள."

சாயங்காலம் டீக்கடையில் உண்மையை நானே உடைத்துவிடலாம் என்று போனேன். அங்கே ஆறேழு பேருக்கு நடுவில் அவர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதில் நாதஸ்வரமும் சேர்ந்திருந்தது, தங்கைகளும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வாரமே மேலும் இரண்டு மாடிகளில் டிஷ் ஏறியது. வயர்ச் சுருளையும் கட்டிங் பிளேயரையும் ஒப்படைத்துவிட்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன்.

இப்போது கோச்சடைக் கம்பங்களில் அறுந்த வயர் நுனிகள்தான் தொங்குகின்றன. ஒரு பகுதியைத் தவறவிட்டு, கம்பத்தடியில் வந்து கேட்கிறவர்களும் இல்லை. எல்லாம் எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பக்கத்துக் கட்டிலில், என்னோடு வேலை பார்க்கும் செல்வம் அதே தொடரின் ஆறாம் பகுதியில் இருந்தான். "செல்வம், அந்தப் பெட்டகத்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

ஒரு காதில் இருந்த இயர்போனை மட்டும் கழற்றி, "அண்ணே, சொல்லிறாதீங்க" என்றான். திரும்ப மாட்டிக்கொண்டான்.

அந்தக் காலிப் பெட்டகத்துக்குள் நானாகவே வேறொன்றை வைத்திருந்தேன். அது இன்னும் என்னிடமே இருக்கிறது.