கயோஸ் மூட்டையும் மணிக்கயிறும்

மனாங் ரூபினாவின் உள்ளங்கைத் தோல் எப்போதும் திட்டுத் திட்டாக உரிந்திருக்கும். கயோஸ் கிழங்கின் பால் பட்டுப் பட்டு அப்படி ஆனது. மனாங், அதாவது அக்கா என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். காலையில் மீன் கூடையோடு வீடு வீடாக வருவார். அந்தக் கையைப் பார்த்துச் சிலர் தயங்குவார்கள்.

"கைய கழுவினியா மனாங்?"

"மீனத்தான் தின்னச் சொல்றேன், கையத் தின்னச் சொல்லல" என்று சிரிக்காமல் சொல்வார்.

எங்கள் தீவின் கிழக்குக் கரையில், மலைச் சரிவில் இருக்கிறது எங்கள் ஊர். முப்பத்தோரு வீடுகள். கயோஸை யாரும் நடுவதில்லை. சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையில் முள்கொடியாகத் தானே படர்ந்து கிடக்கும். பன்றிகூட அதன் கிழங்கைத் தோண்டாது. அரிசி இல்லாத வருஷங்களில் மட்டுமே மனிதர்கள் அதைத் தேடிப் போவார்கள். மெல்லிய வில்லைகளாகச் சீவி, சாம்பலில் பிசைந்து, சாக்கில் கட்டி, ஓடும் தண்ணீரில் கல் வைத்து அமுக்கி, தினமும் புரட்டிப் பிழிந்து, விஷத்தை ஆறு கொண்டுபோன பிறகுதான் அடுப்பில் ஏற்றலாம். மனாங் ரூபினா இதைத் தன் ஒன்பதாவது வயதில், ஒரு பஞ்ச வருஷத்தில் கற்றுக்கொண்டார். அதே வருஷம் பக்கத்து வீட்டார் அவசரமாக அவித்த கிழங்கைத் தின்று அவருடைய தங்கை செத்துப்போனாள். தங்கையைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஊரார்தான் எனக்குச் சொன்னார்கள்.

நான்கு வருஷங்களுக்கு முன், கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது புயல் அடித்தது. படகுகள் உடைந்தன, தென்னைகள் சாய்ந்தன, பாலம் போனது. நிவாரண அரிசி ஒரே ஒரு முறை வந்தது. வீட்டுக்கு மூன்று கிலோ. அதற்குப் பிறகு கைப்பேசியில் சிக்னலும் இல்லை, கடலில் படகும் இல்லை. மனாங் ரூபினா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மலையேறினார். நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பாலர் பள்ளி மூடிக் கிடந்ததால் நானும் கூடப் போனேன்.

இரண்டு நாள் தோண்டினோம். மூன்றாம் நாள் சிற்றாலய முற்றத்தில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து சீவினோம். ஒருவருக்கொருவர் கையைச் சொறிந்துவிட்டுக்கொண்டு, புலம்பிக்கொண்டு சீவினோம். கிறிஸ்துமஸ் மதியம் ஊர் முழுவதும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்பது மனாங்கின் ஏற்பாடு.

"பன்றி வறுவல் இல்லாம ஒரு கிறிஸ்துமஸா! பன்றியே தொடாத கிழங்க நாம தின்னப் போறோம்" என்றாள் செனாய்தா. மூன்று சின்னப் பிள்ளைகளின் தாய். ஊரிலேயே நீளமான நாக்கு அவளுடையது.

"உன் வாய்க்குள்ள போனா விஷமே பயந்துடும்டி" என்றார் மனாங்.

ஒரு கைப்பிடியை ஒரு கை என்று கணக்கு வைத்து, நாற்பது கை வில்லைகளை எண்ணிச் சாக்கில் போட்டோம். இருபத்திரண்டாம் தேதி காலை மனாங் மூட்டையை ஓடையில் இறக்கினார். மரங்கள் விழுந்து அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் மெதுவாக நகர்ந்தது. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா காலத்துல ரெண்டு நாள் போதும். அப்போ இங்க தண்ணி பாஞ்சு ஓடும். இந்தத் தண்ணிக்கு மூணு நாள் முழுசா வேணும் இண்டாய். நாள எண்ணக் கூடாது, தண்ணியத்தான் பாக்கணும்." இண்டாய் என்றால் சின்னப்பெண். என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

இருபத்துநான்காம் தேதி காலை மூட்டையைப் புரட்டப் போனவர், சாக்கின் வாயைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"இது என் முடிச்சு இல்ல."

அவர் போடுவது ஒரு நுனியை இழுத்தால் அவிழும் சுருக்கு. சாக்கில் இருந்தது இறுக்கமான முடிச்சு. கயிற்றின் வால் உள்ளே செருகப்பட்டிருந்தது. பாறைமேல் கொட்டி எண்ணினோம். முப்பத்தாறு கைதான் இருந்தது.

"பசியில எடுத்திருக்காங்க. எடுத்தது தப்பில்ல. அத அவிச்சுத் தின்னுடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே கரையேறி ஓடினார். அறுபத்தோரு வயதில் அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

சிற்றாலயத்தில், மனோங், அதாவது அண்ணன் என்று நாங்கள் கூப்பிடும் கோயில்பிள்ளை நிக்கானோர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். மணி அடிப்பது, ஜெபம் சொல்வது, சாவி எல்லாம் இருபது வருஷமாக அவரிடம்தான். அவர் மனைவி மகளோடு செபு நகரத்துக்குப் போயிருந்தாள். கப்பல் ஓடாததால் திரும்ப முடியவில்லை. யாரிடமும் ஒரு தீக்குச்சிகூடக் கடன் கேட்காத மனிதர்.

"மணி அடிங்க மனோங். எல்லாரும் வரணும்" என்றார் மனாங்.

அவர் அடித்தார். ஒரு தரம் கயிறு கையிலிருந்து நழுவியது. பசிதான் என்று நினைத்தேன்.

ஊர் கூடியதும் மனாங் சொன்னார்: "ஓடையிலேருந்து நாலு கை கயோஸ் போயிருக்கு. யாருன்னு நான் கேக்கல. அதுல விஷம் இன்னும் இருக்கு. இந்த வாசல்ல கூடை வெக்கிறேன், கொண்டாந்து போட்டுடுங்க. யாராவது தின்னிருந்தா இப்பவே எங்கிட்ட வாங்க. வாந்தி எடுக்க வெக்கிறேன், தேங்காப்பால் தரேன். வெளிய ஒரு வார்த்தை போகாது."

செனாய்தா கையை உதறினாள். "பண்டிகை நாள்ல எங்கள நிக்க வெச்சுத் திருடின்னு சொல்றியா மனாங்? எம்பிள்ளைங்க பட்டினி கிடந்தாலும் அடுத்தவ மூட்டைய அவுக்க மாட்டேன்!"

"உன்னச் சொல்லலடி. சாவச் சொல்றேன்."

யாரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கலையும் முன் ஒரு ஜெபம் சொல்லும்படி மனோங் நிக்கானோரைக் கேட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டினார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கூடையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று கிடந்தது. ஊரே மூச்சு விட்டது. "பாவம், எடுத்தவனுக்குப் புத்தி வந்துடுச்சு" என்று சிரித்தார்கள். மனாங் படியில் உட்கார்ந்து வில்லைகளைக் கை கையாக எண்ணினார்.

"மூணு" என்றார். "ஒரு கை வரல."

பிறகு வீடு வீடாகப் போனார். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: வயிறு எப்படி, தலை சுத்துதா. சிலர் கதவைத் திறக்கவேயில்லை. மனோங் நிக்கானோர் வீட்டில் விளக்கில்லை. உள்ளேயிருந்து, "நல்லா இருக்கேன் ரூபினா, படுத்துட்டேன்" என்று கரகரத்த குரல் மட்டும் வந்தது. மனாங் ஒரு கணம் நின்றார். கோயில்பிள்ளையைப் போய் இரண்டாம் முறை எப்படிக் கேட்பது? நகர்ந்துவிட்டார். நானும் நகர்ந்தேன்.

கிறிஸ்துமஸ் விடியலில் மணி அடிக்கவில்லை.

ஓடையில் கடைசியாக அலசிக்கொண்டிருந்தோம். மனாங் தலையைத் தூக்கிக் கேட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு ஈரக் கையோடு எழுந்து சிற்றாலயத்துக்கு நடந்தார். மணிக்கயிறு தூணில் கட்டியிருந்தது. இறுக்கமான முடிச்சு, வால் உள்ளே செருகியிருந்தது. அதை விரலால் தொட்டார். என்னைப் பார்த்தார்.

மனோங் நிக்கானோர் பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பு குளிர்ந்துவிட்டது. பக்கத்தில் வாந்தியைத் துடைத்த துணி மடித்து வைத்திருந்தது. தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

மனாங் அவர் வாயைத் துடைத்தார். "கூடைய ஓடைக்கரையில வெச்சிருக்கணும். கோயில் வாசல்ல, அதுவும் அவரு கண்ணெதிர்ல வெச்சேன். எல்லாரும் பாக்கற எடத்துல அவரு எப்படி வாயத் திறப்பாரு?" என்றார். பிறகு துணியை எடுத்து அடுப்பில் போட்டார்.

ஊராரிடம், "நெஞ்சு வலி. புயல்ல நனைஞ்ச உடம்பு" என்றார்.

மதியம் சிற்றாலய முற்றத்தில், கயோஸும் துருவிய தேங்காயும் வெந்த சட்டிகளில் ஆவி பறந்தது. முப்பது வீட்டாரும் தட்டோடு நின்றார்கள். யாரும் நீட்டவில்லை. பின்னால் முணுமுணுப்பு: நேற்று விஷம் என்றாள், இன்று ஒருவர் செத்திருக்கிறார், இதை எப்படித் தின்பது? திருடியவர் யார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனாங்கின் சமையல் மேல் இருந்த சந்தேகம் போயிருக்கும். பிள்ளைகளும் சாப்பிட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. ஒரு பெரிய கிண்ணம் நிறைய அள்ளினார். எல்லோர் முன்னாலும் நின்று கடைசி வில்லை வரை தின்றார். பிறகு படியில் உட்கார்ந்து, உரிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்துக்கிட்டே இருங்க" என்றார். "தூண் நிழல் அந்தக் கல்லத் தொட்டும் நான் விழலன்னா சாப்பிடுங்க."

பசித்த பிள்ளைகள் அழுதார்கள். நிழல் நகர்ந்தது. ஒரு ஊரே ஒரு பெண் விழுவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

செனாய்தா மெல்ல வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடங்கிய குரலில், "மனாங், அவரு பங்கு மூணு கிலோ அரிசியையும் அன்னிக்கே எம்பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டாரு. நீங்க என்ன சாப்பிடுவீங்க மனோங்னு கேட்டேன். எங்கிட்ட இருக்குன்னாரு" என்றாள்.

மனாங் குனிந்து மடியிலிருந்த கைகளைப் பார்த்தார். செனாய்தா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, நிழல் கல்லை எட்டுவதற்கு முன்பே, தன் தட்டை நீட்டினாள்.

"போடு. நெஞ்சு வலிதான். எனக்குத் தெரியும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அதன் பிறகு மற்றவர்களும் நீட்டினார்கள். சாப்பிட்டோம். கிழங்கு சப்பென்று இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் அவரை அடக்கம் செய்தோம். மணி அடிக்க ஆள் இல்லாததால் மனாங்தான் அடித்தார். அடித்து முடித்ததும் கயிற்றைத் தன் சுருக்கு முடிச்சால் தூணில் கட்டினார்.

செபுவிலிருந்து மனைவி வந்தபோதும் ஊர் நெஞ்சு வலி என்றே சொன்னது. மனாங் ரூபினா போன வருஷம் இறந்தார். இப்போது மணி அடிப்பவன் ஓர் இளைஞன். கயிற்றை அந்தச் சுருக்கில்தான் கட்டுகிறான். ஏன் என்று அவனுக்குத் தெரியாது.