அதிக லைக் வாங்கிய பதில்

எங்கள் இணைய மன்றத்தில் லைக் பொத்தானை வைத்தவன் நான்தான். மேனேஜர் சொன்னார், வைத்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. அவர் சொல்லுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே எனக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

இப்போது மன்ற மென்பொருள் எழுதும் பிள்ளைகள் சிலர் என்னிடம், "சோஷியல் மீடியாவில் இருப்பதெல்லாம் ஃபோரத்திலும் வேண்டுமா சார்?" என்று கேட்கிறார்கள். பேச்சில் ஏதாவது சொல்லி நழுவிவிடுவேன். எழுத்தில் நழுவ முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

1. முடிவு எழுதும் வழக்கம்

ராயபுரத்தில் படகு எஞ்சினுக்கு ஸ்பேர் விற்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் பார்த்தேன். மெக்கானிக்குகளும் படகு டிரைவர்களும் நாள் முழுக்க போன் போட்டு ஒரே சந்தேகத்தைக் கேட்பார்கள். போன் எடுத்து மாளாமல்தான் இணையத்தில் ஒரு மன்றம் ஆரம்பித்தோம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஆட்கள் சேர்ந்தார்கள்.

அங்கே ஒரே ஒரு சட்டம்தான் கறாராக இருந்தது. கேள்வி கேட்டு ஒரு திரியை, அதாவது த்ரெட்டை, ஆரம்பித்தவர், வேலை முடிந்ததும் திரும்பி வந்து உண்மையில் பழுது எது, எப்படிச் சரியானது என்று எழுத வேண்டும். அதற்குப் பெயர் முடிவு. முடிவு எழுதாதவருக்கு அடுத்த திரி திறக்காது. பதிவுகள் தேதி வரிசையில் நிற்கும், முடிவு கடைசியில் இருக்கும். அதனால் எல்லோரும் திரியைத் திறந்ததும் நேராக அடிக்குத்தான் போவார்கள்.

கஸ்தூரி என்று ஒரு உறுப்பினர். காசிமேட்டில் படகு எஞ்சினின் வாட்டர் பம்பும், சூட்டைத் தணிக்கும் கூலரும் பழுது பார்க்கும் பட்டறை அவர் சொந்தமாக நடத்துவது. அவர் பதில்களில் கிண்டல் இருக்காது, சிரிப்புப் பொம்மை இருக்காது. நாலு வரி எழுதுவார். திரிகளில் பாதிக்கு மேல், "கஸ்தூரி அக்கா சொன்னதுதான்" என்றே முடியும்.

2. மேனேஜர் அறை

ஆட்கள் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகத் தொடங்கினார்கள். மேனேஜர் கூப்பிட்டார்.

"நம்ம ஃபோரத்த தொறந்தா சாவு வூடு மாதிரி கீது. ஒரு லைக் இல்ல, ஒரு ஹார்ட் இல்ல. எவன் வருவான்?"

"பண்ணிடலாம் சார். நெறைய லைக் வாங்கின பதில் மேல வரா மாதிரி வெச்சிடலாம்" என்றேன். அந்த இரண்டாவது யோசனையை அவர் என்னிடம் கேட்கவே இல்லை. அது என்னுடைய சொந்தச் சரக்கு.

இரண்டு வாரத்தில் முடித்தேன். மூன்று பதில் மட்டும் திரையில் தெரியும், மற்றவை 'மேலும் காட்டு' என்ற பொத்தானுக்குள். முடிவு என்பது எப்போதும் கடைசியில், கூட்டம் கலைந்த பிறகு வருவது. அதற்கு யார் லைக் போடுவார்கள்? பழைய திரிகளுக்கும் ஜனங்கள் போய்ச் சிரிப்பு வந்த பதிலுக்கெல்லாம் லைக் குத்தினார்கள். எல்லா முடிவுகளும் பொத்தானுக்குள் போய்விட்டன. எனக்கு அது உறைக்கவில்லை. கிராஃப் ஏறிக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரி போன் செய்தார்.

"சார், இன்னா பண்ணி வெச்சிகீறீங்க? முடிவெல்லாம் எங்க பூட்ச்சி?"

"எங்கயும் போகலம்மா. மேலும் காட்டுன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அத அமுக்குங்க."

"நான் அமுக்குவேன். போட்டுல நிக்கறவன் ஒரு கைல ஸ்பானரு, ஒரு கைல போனு வெச்சிகினு கீறான். அவன் மேல இன்னா கீதோ அத்தத்தான் பாப்பான். லைக் வெச்சிக்கோங்க, வாணாங்கல. வரிசைய மாத்தாதீங்க. அதுக்குப் பதிலு, வாயால பேசிப் போடறா மாதிரி எதனா வைங்க, கிரீஸ் கைல டைப் அடிக்க முடியல."

பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். அன்று மதியம் கேன்டீனில் அவர் பேசியதை அவர் குரலிலேயே பேசிக் காட்டினேன். நாலு பேர் சிரித்தார்கள். நானும் எர்ணாவூரில் அதே பாஷை பேசி வளர்ந்தவன்தான். இதை எழுதும்போது காது சுடுகிறது.

3. மூர்த்தியின் எஞ்சின்

மூர்த்தி திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். இன்னொருவர் படகுக்கு இருபது வருடமாக டிரைவர். கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் பம்புக்குள் இம்பெல்லர் என்று ஒரு ரப்பர் சக்கரம் உண்டு. அவர் படகில் அதன் இறக்கைகள் பிய்ந்து எஞ்சின் சூடேறியது. புது இம்பெல்லர் போட்டார். அப்படியும் சூடு இறங்கவில்லை. படகில் நின்றபடியே எங்கள் மன்றத்தைத் திறந்தார். இதே பழுதுக்கு ஒரு பழைய திரி இருந்தது.

மேலே நின்ற பதில் இது: "தெர்மோஸ்டாட்ட கழட்டி கடல்ல போடு மாமு. எஞ்சினும் கொஞ்சம் காத்து வாங்கட்டும்." அதற்கு மன்றத்திலேயே அதிக லைக்.

'மேலும் காட்டு' பொத்தானுக்குள் கிடந்தது கஸ்தூரியின் பதில்: "புது இம்பெல்லர் போட்டால் மட்டும் பத்தாது. பழையதில் எத்தனை இறக்கை குறைகிறது என்று எண்ணுங்கள். குறைகிற துண்டு கூலருக்குள் அடைத்திருக்கும். கழற்றி எடுங்கள்." அதற்கும் கீழே அந்தத் திரியின் முடிவு: இரண்டு துண்டு கூலர் வாயில் இருந்தது, எடுத்ததும் சரியானது.

சூட்டுக்கேற்ப எஞ்சினுக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் அந்தத் தெர்மோஸ்டாட்டை மூர்த்தி கழற்றினார். துறைமுகத்துக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது சூடு குறைந்த மாதிரி இருந்தது. கடலுக்குள் போய் வேகம் கொடுத்ததும் எகிறிவிட்டது. தண்ணீர் ஊற்றக் கூலர் மூடியைத் திறந்திருக்கிறார். கொதிதண்ணீரும் ஆவியும் அடித்து வலது கையும் கழுத்தும் வெந்துபோயின. எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது.

"உங்க மன்றத்தப் பாத்துட்டுத்தான் சார் செஞ்சாரு. ஆஸ்பத்திரில கீறாரு" என்று கஸ்தூரி போனில் சொன்னார்.

உயிருக்கு ஒன்றுமில்லையே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அட்மின் பக்கத்தைத் திறந்தேன். கஸ்தூரியின் பதிலை அந்தத் திரியின் உச்சியில் பின் பண்ணினேன். லைக் வாங்கிய பதிலை அங்கிருந்து தூக்கிவிட்டேன். ஐந்து நிமிட வேலை.

மறுநாள் படகு ஓனர் மேனேஜரிடம் வந்து நின்றார். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். "சரியான பதில்தான் சார் முதல்ல இருக்கு. அவரு சரியாப் படிக்கல."

ஓனர் பார்த்தார். "இருவது வருசம் ஓட்டினவன். எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட துப்பில்லையா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே படகுக்கு வேறு டிரைவர் வந்துவிட்டார்.

4. கண் டாக்டர்

கட்டுப் பிரிக்கும் முன்பு மூர்த்தியைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். பாவம் என்று போகவில்லை. என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா என்று பார்க்கப் போனேன். அவர் மனைவி டீ கொடுத்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன்" என்றார் மூர்த்தி. "அன்னிக்கு நான் பாக்கசொல்லோ தெர்மோஸ்டாட்ட கழட்டுன்னுதான் மேல இருந்திச்சி. இப்ப பாத்தா கஸ்தூரி எழுதினது கீது. தப்பாப் படிச்சிட்டனா நானு?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. அவர் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கும்ண்ணே. எதுக்கும் ஒருதரம் கண்ணக் காட்டிடுங்க" என்றேன். டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மூன்று வாரம் போயிருக்கும். ஏதோ கேஸ்கெட் வாங்க கஸ்தூரி கம்பெனிக்கு வந்தார். கவுன்ட்டரில் நின்றபடி சொன்னார். "மூர்த்தி அண்ணன் கண்ணாஸ்பத்திரி போய்ட்டு வந்தாரு சார். கண்ணு நல்லாத்தான் கீதாம். இப்ப மூளைல கோளாறுன்னு பயந்துகினு கீறாரு. படிச்சத பெண்டாட்டிகிட்ட குடுத்து இன்னொருதரம் படிக்கச் சொல்றாராம், பஸ் போர்டு மொதக்கொண்டு."

அவருக்கு என்மேல் சந்தேகம் இருந்ததா என்று தெரியாது. கேஸ்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வரிசையைப் பழையபடி தேதிக்கு மாற்றினேன். அந்தத் திரியின் அடியில் ஒரு முடிவு எழுதினேன்: "இந்தத் திரியில் தவறான பதிலை மேலே நிறுத்தியது நான். விபத்துக்குப் பிறகு மாற்றி வைத்தவனும் நான். மூர்த்தி படித்தது சரி." மேனேஜருக்கும் ஓனருக்கும் போய்ச் சொன்னேன். மேனேஜர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. ஓனர், "இப்ப வந்து சொல்றியே நைனா, புது ஆளுக்கு வார்த்த குடுத்துட்டேனே" என்றார். மூர்த்திக்கு அந்தப் படகு திரும்பக் கிடைக்கவில்லை. எண்ணூரில் ஒரு சின்னப் படகுக்குப் போனார்.

பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான். சோஷியல் மீடியாவிலிருந்து எடுங்கள். படம் போடும் வசதி நல்லது, பழுதான பாகத்தைக் காட்டலாம். பதில் வந்ததும் போனில் மணி அடிப்பது நல்லது. கஸ்தூரி கேட்ட குரல் பதிவைப் பிறகு நான் வைத்தேன், எல்லாவற்றையும்விட அதைத்தான் மெக்கானிக்குகள் பயன்படுத்தினார்கள். லைக்கும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எதை முதலில் படிப்பது என்பதை லைக் தீர்மானிக்க விடாதீர்கள். நீங்கள் வரிசையை மாற்றினால் ஒருவர் கை அதன் மறுமுனையில் இருக்கிறது. மாற்றியது தப்பென்று தெரிந்தால் அன்றே சொல்லுங்கள்.

ஓனரிடம் உண்மையைச் சொன்ன அன்றே மூர்த்தி வீட்டுக்கும் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் என்னை விட்டுவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏம்மே, இங்க வா. சார் இன்னா சொல்றாரு கேளு. எனக்கு ஒண்ணும் இல்லியாம்."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் கையைப் பிடித்துக்கொண்டார், வெந்து தோல் சுருங்கியிருந்த அந்தக் கையால்.