அம்சம் பங்கு வைத்த மாத்திரை

அம்சத்தின் கதையை ராமாயியை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. மன்னார்குடிக்குக் கிழக்கே கோரையாற்றுப் பாசனத்தில் கருவிளங்குடி என்று ஓர் ஊர். கீழத்தெரு மாணிக்கத்துக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் சாமிதுரை, இளையவன் இராஜாங்கம். மூத்தவனுக்கு வாழ்க்கைப்பட்டு மாயவரத்துப் பக்கத்திலிருந்து வந்தவள் அம்சம். இளையவனுக்கு வந்தவள் ராமாயி, பக்கத்து ஊர்க்காரி, சொந்த அத்தை மகள். ஓரகத்திகள் என்றால் ஒருவர் நிழல் ஒருவருக்கு ஆகாது என்பது ஊர்ப்பேச்சு. இவர்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் ஆக்கி ஒரே சட்டியில் தின்றவர்கள்.

அறுவடைக் கூலியை அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு, ஆட்கள் அரிவாளைத் தொடாமல் நின்றார்களே, அந்த வருஷம் நடந்தது இது. பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் கைகலப்பு. பொழுது சாயும் நேரத்தில் போலீஸ் விசில் ஊதிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. சாமிதுரைக்கு விலாவில் அடி. மூன்று மாதம் கயிற்றுக் கட்டிலில் கிடந்து இருமி, அப்படியே போய்ச் சேர்ந்தான். கருமாதி முடிந்த மறுநாள் அம்சம் கையிலிருந்த குடத்தைக் கீழே போட்டுவிட்டு, “விசில் சத்தம் கேக்குது” என்றாள். வேறு யாருக்கும் கேட்கவில்லை. அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் அவளுக்கு விசில் கேட்கும். வைக்கோல் போருக்குள் போய் ஒளிந்துகொள்வாள். ராமாயிதான் தேடிப்பிடித்து, தலையிலிருந்து வைக்கோலை எடுத்துவிட்டுக் கூட்டிவருவாள்.

தாயத்து கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள். ஒரு சித்தப்பன் சங்கிலி போட்டுக் கோயிலில் கட்டிவைக்கலாம் என்று யோசனை சொன்னான். அதற்கு ராமாயி, “போடுங்க மாமா. அப்படியே என் காலயும் சேத்துக் கட்டிடுங்க. ரெண்டு பேருக்கும் சோறு நீங்களே போட்டுருங்க” என்றாள். சித்தப்பன் அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

கடைசியில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பூட்டு வார்டில் ஆறு மாதம் இருந்தாள். மாத்திரையில் விசில் நின்றது. வீட்டுக்கு வந்தால் மாத்திரைக்காக மாதாமாதம் இரண்டு பஸ் மாறித் தஞ்சாவூர் போக வேண்டும். நடவு நேரத்தில் யார் போவது? நாலு மாதம் போவாள், அப்புறம் விட்டுப்போகும், விசில் திரும்ப வரும். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. அந்த வருஷங்களில், சேர்ந்து கூலிக்குப் போகும் நடவு செட்டுப் பெண்கள் அவளையும் கூடவே கூட்டிப்போவார்கள். அவள் வரப்பில் உட்கார்ந்து தண்ணீரை வெறித்துக்கொண்டிருப்பாள். கூலி நெல்லைக் கூறு வைக்கும்போது, நட்டவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவு அவளுக்கும் ஒரு கூறு விழும். ஏன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

அப்புறம் ஊருக்கு இரண்டு மைலில் ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. அங்கேயே மனசுக்கும் மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். அம்சத்துக்குச் சர்க்கரை வியாதியும் இருப்பது அங்கேதான் தெரிந்தது. கிராம நர்ஸ் ரசியா பேகம், கூத்தாநல்லூர்ப் பெண், மாத்திரைகளைக் கையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். “மஞ்சளு மனசுக்கு, படுக்கப் போறப்ப. வெள்ளை சர்க்கரைக்கு, காலையில. சோறு முன்னால இருந்தாத்தான் வெள்ளை மாத்திர வாய்க்குள்ள போவணும். வெறும் வயித்துல போட்டா வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் கொழறும். அப்படி வந்தா உடனே சர்க்கரையத் தின்னு. என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு.” அம்சம் திருப்பிச் சொன்னாள்.

ஒரே வருஷத்தில் ஆள் மாறிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் வயலில் இறங்கி மற்றவர்களுக்குச் சரியாக நட்டாள். பொழுது சாய்ந்தால் ஆடு மாடு சத்தம் மட்டும்தான் கேட்டது. கஞ்சி நேரத்தில் அவள் வெள்ளை மாத்திரை போடுவதைப் பார்த்த பெண்களுக்கு இது பெரிய அதிசயம்.

“அக்கா, அந்த வெள்ளை மாத்திரைல என்னமோ சத்து இருக்கு. எனக்கும் ஒண்ணு குடேன்” என்று முதலில் கேட்டவள் செவ்வந்தி, செட்டில் வயது குறைந்தவள்.

அம்சத்துக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. தான் நடாத நாளிலும் தனக்குக் கூறு வைத்தவர்கள் இவர்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கஞ்சி நேரத்தில் கொடுத்தாள். அடுத்த நாள் இன்னொருத்தி. இப்படியே வெற்றிலை பாக்கு மாதிரி மாத்திரையும் செட்டில் புழங்கியது. முப்பது நாளைக்குக் கொடுத்தது இருபது நாளில் தீர்ந்தது.

சுகாதார நிலையத்தில் டாக்டர் நடராசன் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “மாத்திரை என்னம்மா, வறுத்த கடலையா? ஒண்ணு நீ கூடுதலாத் திங்கறே, இல்லே யாருக்கோ குடுக்கறே. இன்னொரு தரம் இப்படி வந்தா இங்க உனக்கு மாத்திரை கிடையாது. தஞ்சாவூருக்கே எழுதிக் குடுத்துடுவேன்.”

தஞ்சாவூர் என்றால் இரண்டு பஸ், பூட்டு வார்டு, அதற்கப்புறம் விசில். அம்சம் அன்று வீட்டுக்கு நடந்தே வந்தாள். செட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கொடுப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

புரட்டாசியில் சம்பா நடவு. பஞ்சநதத்தின் வயல். அவனுடைய அப்பாதான் அன்றைக்கு லாரியில் ஆள் இறக்கிய பண்ணையார். அப்பாவை ஆண்டை என்று கூப்பிட்ட தெரு, மகனைத் தம்பி என்று கூப்பிட்டது. “அரை மரக்காலுக்கு அடி வாங்கினதுல இந்தத் தம்பிதான் மிச்சம்” என்று ராமாயி அவன் காதுபடவே சொல்வாள். அவனும் சிரித்துக்கொள்வான். டிராக்டரைத் தானே ஓட்டிச் சேறடிக்கிறவன்.

முறைத் தண்ணீர் சாயங்காலத்தோடு அடுத்த ஊருக்குத் திரும்பிவிடும். அதற்குள் நட்டு முடிக்க வேண்டும் என்று விடியலிலேயே இறங்கினார்கள். ராமாயிக்கு அன்று உடம்பு ஓடவில்லை. நாலு நாளாகவே மூச்சு வாங்கியது. முந்தின நாள் சோறும் இறங்கவில்லை. நாற்றுக்கட்டைப் பிரிக்கவே கை வலித்தது.

“அக்கா, அந்த வெள்ளைய ஒண்ணு குடு.”

“கஞ்சி வரட்டும்டி. எனக்கே அப்பறந்தான்.”

“ஊருக்கெல்லாம் குடுத்தே. எனக்குன்னா கஞ்சி வரணுமா?”

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அம்சத்தின் நெஞ்சில் அது முள்ளாகக் குத்தியது. வைக்கோலை உதறித் தலை வாரிவிட்ட கை அது. மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து முழு மாத்திரையை அந்தக் கையில் வைத்தாள். கஞ்சி வரும் நேரம்தானே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டாள்.

அன்றைக்குப் பார்த்துக் கஞ்சி வரவில்லை. தண்ணீர் போய்விடும் என்ற அவசரத்தில், இந்தப் பாத்தி முடியட்டும், அடுத்த பாத்தி முடியட்டும் என்று எல்லோரும் குனிந்த தலை நிமிரவில்லை, கஞ்சி எடுத்துவரவும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. உச்சிவேளைக்கு முன்னால் ராமாயிக்கு நெற்றி வியர்த்தது. மேகம் மூடி ஈரக்காற்று அடிக்கிற நாள், ரவிக்கை தொப்பலாக நனைந்தது. அம்சத்தைப் பார்த்து, “அம்மா, ஆட்ட அவுத்து விட்டியா?” என்று குழறினாள். நாற்று கையிலிருந்து நழுவியது. அப்படியே சேற்றில் சாய்ந்தாள்.

“காக்கா வலிப்பு! இரும்பு, இரும்பு!” என்று கத்தினார்கள். இரும்புக்கு எங்கே போவது? செவ்வந்தி ஓடிப்போய்ப் பஞ்சநதத்தின் இடுப்பிலிருந்த டிராக்டர் சாவியைப் பிடுங்கி ராமாயியின் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பஞ்சநதம் டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி அவளைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டிமேல் ஏறி உட்கார்ந்தான். வண்டி கிளம்பவில்லை.

“சாவியக் குடு செவ்வந்தி.”

“எடுத்தா வலிப்பு அதிகமாயிடும்ங்க.”

“எடுக்காட்டி இங்கயே கெடக்க வேண்டியதுதான்.”

அம்சம்தான் அந்த விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன, நடுங்கின. நர்சம்மா திருப்பிச் சொல்லச் சொன்னது ஒவ்வொன்றாக அவள் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. வயலில் சர்க்கரை ஏது? ஒருத்தி குடிதண்ணீரை வாயில் விட்டாள். அது கடைவாய் வழியே வெளியே வழிந்தது.

டிரெய்லர் குலுங்கிக்கொண்டு போனது. ராமாயியின் தலை அம்சத்தின் மடியில். செவ்வந்தி காதோரம் குனிந்தாள். “அக்கா, மாத்திரை சமாச்சாரத்த வெளிய விடாத. ஒனக்கு நிறுத்திடுவாங்க. வெயிலுல மயங்கிட்டான்னு சொல்லிக்கலாம்.” நல்லதற்குத்தான் சொன்னாள். அம்சம் ஓரகத்தி முகத்திலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். சொன்னால் மாத்திரை போகும். மாத்திரை போனால் விசில் வரும். திரும்பவும் விசில் வந்தால் வைக்கோல் போருக்குள் தேட இவள் இருக்க வேண்டுமே.

டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். “என்ன ஆச்சு?”

“வெயிலுங்க சார்” என்றாள் செவ்வந்தி.

“வெயிலா? வெளிய தூறல் போடுது.”

“வலிப்புங்க.”

“முன்னாடி வந்திருக்கா?”

செவ்வந்தி அம்சத்தைப் பார்த்தாள். வலிப்புக்கு ஊசி எடுக்கும்படி டாக்டர் திரும்பி ரசியா பேகத்திடம் சொன்னார்.

“சார்” என்றாள் அம்சம். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். “சார், வலிப்பு இல்லீங்க. என் சர்க்கரை மாத்திரைய நான் அவளுக்குக் குடுத்துட்டேன். முழுசா ஒண்ணு. விடியல்ல. அவ ஒண்ணும் சாப்பிடலீங்க. நேத்தும் சாப்பிடல.”

டாக்டர் ஒரு நொடி அவளையே பார்த்தார். திட்டுவார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் திட்டவில்லை. “நர்சம்மா, குளுக்கோஸ்” என்றார். எடுத்த ஊசியைக் கீழே வைத்தார்கள். முழங்கை மடிப்பில் சேற்றைப் பஞ்சால் துடைத்து நரம்பைத் தேடி ஏற்றினார்கள். அம்சம் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பாட்டிலில் கால்வாசி இறங்கியிருக்கும். ராமாயி கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், தன்னைச் சுற்றிச் சேற்றுக்காலோடு நின்றவர்களைப் பார்த்தாள்.

“கஞ்சி வந்துட்டுதா?” என்று கேட்டாள்.

செவ்வந்தி சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள்.

அந்த மாத்திரையின் வேகம் முழுக்க அடங்க வேண்டும், நாளைக் காலைவரை இவள் இங்கேதான் என்று டாக்டர் சொன்னார். பிறகு அம்சத்தைத் தனியே கூப்பிட்டார்.

“யாரு யாருக்கெல்லாம் குடுத்தே?”

“நான் குடுத்தேங்க சார். அவ்வளவுதான்.”

“ஏன் குடுத்தே?”

“எனக்குப் பங்கு வச்சவங்க சார். நான் ஒண்ணும் நடாம ஒக்காந்திருந்தப்ப. எங்கிட்ட பங்கு வைக்க வேற ஒண்ணும் இல்லீங்க.”

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். ரசியா பேகம் குறுக்கே வந்தாள். “சார், தப்பு எம்மேலயும் இருக்கு. எப்பப் போடணும்னு சொன்னேன். யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லல. தன் மருந்த அடுத்தவுங்களுக்குக் குடுப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.”

“தஞ்சாவூருக்கு எழுதறீங்களா சார்?” என்றாள் அம்சம். கேட்டுவிட வேண்டும் என்று கேட்டாள்.

“எழுதி? நீ ரெண்டு மாசம் போவே, அப்பறம் விடுவே. அடுத்த தடவை உன்னத்தான் டிராக்டர்ல போட்டுக் கொண்டாருவாங்க.” அவர் சீட்டில் எழுதினார். “இனிமே மாசத்துக்குக் கிடையாது. வாரத்துக்கு ஏழு. நர்சம்மா கொண்டாந்து குடுப்பாங்க. உன் மாத்திரை உன் நோய அளந்து குடுக்கறது. அது அவுங்களுக்கு வெசம். இப்ப உன் கண்ணாலயே பாத்தாச்சு, நான் வேற சொல்லணுமா?”

“வேணாங்க” என்றாள். சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே சாயங்காலமாகியிருந்தது. பஞ்சநதம் இன்னும் காத்திருந்தான். முறைத் தண்ணீர் நேரம் முடிந்திருந்தது, நாலு பாத்தி நடாமல் கிடந்தது. “எப்படி இருக்கு?” என்று கேட்டான். முழித்துக்கொண்டாள் என்றதும், “மிச்சத்த நாளைக்கு நட்டுக்கலாம். எஞ்சின் வச்சுத் தண்ணி எறைக்கறேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கஞ்சி நேரத்துக்கு ரசியா பேகம் வயல் வரப்புக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பிரஷர் பார்க்கிற பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். “மாத்திரை பங்கு வாங்கினவங்க பேரு எனக்கு வேணாம். எல்லாரும் கைய நீட்டுங்க” என்றாள். பதினோரு பேரும் சேற்றுக்கையைக் கழுவிவிட்டு நீட்டினார்கள். இரண்டு பேருக்குப் பிரஷர். செவ்வந்திக்கு ஒன்றுமில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ராமாயிக்கு ரத்தம் பாதிதான் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிச் சிவப்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

நர்ஸ் போனதும் ராமாயி தன் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்தாள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

“என்ன பாக்கறீங்க? செவப்பா இருக்குன்னு நாக்கு ஊறுதா? ஒருத்திக்கும் கெடையாது.” அம்சத்தின் பக்கம் திரும்பினாள். “ஒனக்குங்கூடக் கெடையாதுக்கா. கோவிச்சுக்காத.”

“நான் எங்க கேக்கப்போறேன்” என்றாள் அம்சம்.

“நீ கேக்க மாட்டே. நாந்தான் கேட்டுட்டேன்.” ராமாயி கஞ்சித் தூக்கைத் திறந்து முதல் குவளையை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள். “மொதல்ல இதக் குடி. குடிச்சாச்சா? காட்டு. ம். இப்பப் போடு.”

அம்சம் வெள்ளை மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். தொண்டையில் இறங்கும்வரை ராமாயி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் தன் குவளையைக் கையில் எடுத்தாள்.