மடத்து ஜீப்பில் ஏறியவர்கள்

ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நடுரோட்டில் இறங்கி, முன்பின் தெரியாத ஆட்களிடம் "கொஞ்சம் தள்ளிவிடுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே கேட்கவும் தெரிய வேண்டும். பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுத புண்ணியவான்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் தொடங்கிப் பல வருஷம், ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் கன்னியர் மடம் நடத்திய சின்ன மருந்தகத்துக்கு நான்தான் டிரைவர்.

வாடகைக் கோட்டு

ஐப்பசி மழை. திருமானூர் தாண்டி ஒரு பள்ளத்தில் ஜீப் இறங்கி நின்றுவிட்டது. பின்னால் பாம்பு கடித்த ஒரு விவசாயி, கண் சொருகிக்கொண்டிருந்தது. எதிரே மாட்டு வண்டிகளில் ஒரு கல்யாணக் கோஷ்டி, மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கெஞ்சினேன். "நல்ல காரியத்துக்குப் போறோம், நேரமாச்சு, வேற ஆளுங்க வருவாங்க" என்றார் பெரியவர் ஒருவர். அவர் சொல்லி முடிக்குமுன் முதல் வண்டியிலிருந்து குதித்தது மாப்பிள்ளை ஆரோக்கியராஜ்தான். கோட்டைக் கழற்றக்கூட நிற்கவில்லை. பின்னால் போய்த் தோள் கொடுத்தான். அவனே இறங்கிய பிறகு மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? வண்டி ஏறியது. சக்கரம் வாரியடித்த சேறு முழுவதும் அவன் மேல்.

அந்த விவசாயி அரியலூரில் பிழைத்துக்கொண்டார். நன்றி சொல்ல அடுத்த வாரம் ஆரோக்கியராஜ் வீட்டுக்குப் போனேன். சேற்றோடுதான் தாலி கட்டினானாம். "உனக்குக் கோவம் வரலியாம்மா?" என்று புதுப்பெண்ணைக் கேட்டேன்.

"எதுக்குண்ணே கோவம்? கோட்டுதான் வாடகைக்கு எடுத்தது. மாப்பிள்ள எனக்கே எனக்குன்னு வந்தவருல்ல!"

கொட்டகையில் குடித்தனம்

அரியலூர் பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஜீப்பின் பின்னால், பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு கூலிக்காரர், பச்சைக் குழந்தையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை வீறிட்டு அழுதது. அவருக்கு அதைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. தன் கைப்பிள்ளைக்குக் காதுவலி என்று வந்திருந்த ரெஜினா, கையை நீட்டி அதை வாங்கினாள். முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அழுகை நின்றது.

இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ரெஜினா மேலத்தெரு, அவர் காலனி. அப்போது எங்கள் கோயிலிலேயே இரண்டு தெருவுக்கும் இரண்டு பக்கம். அன்றோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளோ தினமும் காலனிக்கு நடந்துபோய்ப் பால் கொடுத்தாள். "இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று மாமியார் கதவைச் சாத்தினார். தாய் சொல்லைத் தட்டாத அவள் புருஷன் ஞானப்பிரகாசம், பாயைச் சுருட்டிக்கொண்டு அவளோடு மாட்டுக் கொட்டகைக்குக் குடிவந்துவிட்டான். சில வாரம் கழித்து மாமியாரே வந்து அழைத்துக்கொண்டது வேறு கதை. குழந்தையும் நன்றாகத் தேறிவிட்டது. கொட்டகையில் நான் பார்க்கப் போனபோது ஞானப்பிரகாசம் சொன்னது இது:

"மாட்டுக் கொட்டகையில பொறந்தவரத்தான் எங்க அம்மா தெனம் கும்புடுது. நாங்க இங்க படுத்தா மட்டும் கேவலமா?"

ரயில்

எங்கள் நர்ஸ் சிஸ்டருக்கு ஒருநாள் காலையில் தந்தி வந்தது. அப்பா இறந்துவிட்டார், சாயந்திரம் அடக்கம். ஊர் விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம். ரயிலைப் பிடித்துவிடலாம் என்று அரியலூருக்கு விரட்டிக்கொண்டு போனேன். வழியில் நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு குறுக்கே நின்றார்கள். கட்டிலில் ஒரு பெண். பிள்ளையின் கால் முதலில் வந்துவிட்டது. "ஏத்திக்கிட்டுப் போயிடலாம் சிஸ்டர், ரயிலையும் பிடிச்சுடலாம்" என்றேன். அவர் அந்தப் பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்து, முடியாது என்று தலையை ஆட்டினார். பக்கத்து வீட்டுக்குள் கட்டிலைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு முக்காட்டைப் பின்னால் தள்ளி முடிந்துகொண்டார்.

வெளியே நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் ரயில் ஊதுவது கேட்டது. வெயில் சாயும் நேரத்தில் உள்ளே குழந்தையின் அழுகை, தாயும் தப்பித்தாள். சிஸ்டர் வெளியே வந்து தொட்டியில் முழங்கை வரை கழுவினார். அந்தப் பெண்ணின் வீட்டார் காலில் விழ வந்தபோது சிரித்துக்கொண்டே தடுத்தார். ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தின பிறகுதான் முகம் மாறியது.

"இந்நேரம் எங்கப்பாவ எடுத்திருப்பாங்கல்ல அண்ணே?"

சவேரியம்மா கஞ்சி

மருந்தகத்துக்குப் பின்னால் காசநோய்க்காரர்களுக்கு ஒரு கொட்டகை உண்டு. அங்கே ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்ட அவள் புருஷன் திரும்ப எட்டிப் பார்க்கவில்லை. தினமும் பக்கத்து ஊரிலிருந்து கஞ்சித் தூக்கோடு வந்தது சவேரியம்மா அக்கா. எதிரே பார்த்தால் ஜீப்பில் ஏற்றிக்கொள்வேன். அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிடும், சளிப் பாத்திரத்தைக் கழுவும், வாயில் ஊட்டும். அக்காவின் தங்கச்சி என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் சிஸ்டர் சொன்னார்: சவேரியம்மா அக்காவைக் கைவிட்டுவிட்டு அக்காவின் புருஷன் சேர்த்துக்கொண்ட பெண்தான் இவள்.

உடம்பு தேறி அவள் கிளம்பியபோது, போக இடமில்லை என்று அக்காவே தன் வீட்டுக்கு அழைத்துப் போனது. இருவரையும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது மனசு கேட்காமல், "அப்ப அந்த மனுசனையும் மன்னிச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"அது இன்னும் ஆவல தம்பி. தெனம் ஜெபத்துல முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்கப்புறம்தான் கஞ்சி ஊத்துவேன்னு இருந்தா, இவ செத்துல்ல போயிருப்பா?"

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் நான் தூங்கி வழிகிறேன் என்று என் மனைவி இன்றைக்கும் குறைப்படுகிறாள். அத்தனை வருஷமும் வாரம் முழுக்கப் பிரசங்கத்தை வண்டியிலேயே கேட்டு முடித்தவனுக்குக் கண் அசராமல் வேறென்ன செய்யும்!