பூனாவுக்கு ஒரு வாடகை, பம்பாய்க்கு ஒரு வாடகை

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்பார்களே, அப்படிப்பட்ட ஒருவனுடைய வீட்டில்தான் யுத்த காலம் முழுக்க நான் குடியிருந்தேன். திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு கிணற்றைச் சுற்றி நாலு அறை கட்டி, நாலையும் வாடகைக்கு விட்டிருந்தான். நேரில் அவனை நைனா என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் கூப்பிட்ட பெயரை எழுதினால் அச்சுக் கோப்பவர் கூசிப்போவார்.

என் புருஷன் பட்டாளத்தில் கிளார்க். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. அரிசியும் பருப்பும் எந்த முகாமுக்கு எவ்வளவு போயிற்று என்று எழுதுகிற வேலை. குடும்பத்தை வைத்துக்கொள்ள அங்கே வீடு தரமாட்டார்கள். அதற்குப் பதிலாகச் சம்பளத்தோடு வீட்டு வாடகை அலவன்ஸ் என்று ஒரு தொகை வரும். அது ஊருக்கு ஊர் மாறும். பெங்களூர் என்றால் கொஞ்சம், பூனா என்றால் அதற்கு மேல், பம்பாய் என்றால் இன்னும் மேல். நானும் கைக்குழந்தையும் திருத்தணியில் இருந்தோம். மாமியார் வீடு ஆர்.கே.பேட்டையில் இருந்தது. அங்கே தறி நின்ற இடம் போக மிச்ச இடத்தில் வீட்டார் அத்தனை பேரும் படுத்திருந்தார்கள். மணியார்டர் வருகிற நாளில் மட்டும் நான் அவர்களுக்கு மருமகள். இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். இந்த அறையும் போனால் எனக்கும் குழந்தைக்கும் போக்கிடம் கிடையாது.

என் புருஷனுக்கோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. லீவில் வந்தவர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டே, பூனாவுக்கு மாற்றிவிட்டார்கள், அலவன்ஸ் ஏறிவிட்டது என்று பெருமையடித்தார். அடுத்த மாதமே எங்கள் வாடகை ஏறியது.

"அவரு பூனாவுக்குப் போனா இந்த ஓட்டை ஓடு பங்களாவா ஆயிடுமா, நைனா?" என்று கேட்டேன்.

அவனுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. அந்த ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அது பழக்கம்தான். சாதாரண நாளில் ஒரு வாடகை, கிருத்திகைக்கு ஒரு வாடகை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வந்துவிட்டால் மாட்டுக்கொட்டகைக்குக்கூட மாளிகை விலை. எவன் மடியில் எவ்வளவு பணம் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி கூரைக்கு விலை வைப்பார்கள். அவன் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "நான் நாயஸ்தன்மா. அங்க ஏறினா இங்க ஏறும். அங்க எறங்குனா இங்க எறக்கிக்கிறேன். மேல இருக்கிற சாமி மேல ஆணை."

சாமி வேறு இவனுக்குச் சாட்சி. பிறகு பம்பாய்க்கு மாற்றினார்கள், மறுபடியும் வாடகை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன்.

ஒரு நாள் திடீரென்று என் புருஷன் வந்து நின்றார். பட்டாளத்து ரயில் அரக்கோணத்தில் நிற்கிறதாம், அதிகாரியிடம் கெஞ்சி அரை நாள் வாங்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். கிழக்கே, பர்மா எல்லைக்குப் போகிறார்கள். "போற எடத்துல கூடாரந்தான். வாடகை அலவன்ஸை நிறுத்திட்டாங்க" என்றார். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சாயங்காலம் போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அந்த ஆள் வந்து நின்றான். "கிருத்திகைக்குள்ள காலி பண்ணிடும்மா. காவடிக்காரன் ஒரு ராத்திரிக்கே அள்ளிக் குடுத்துட்டுப் போறான்."

"எதுக்குக் காலி பண்ணணும்?"

"அலவன்ஸ் நின்னுபோச்சாமே. வாடகைக்கு எங்க போவே?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை நின்றுவிட்டது. "அங்க எறங்குனா இங்க எறங்கும்னு நீங்கதானே சொன்னீங்க. அங்க ஒண்ணும் இல்லன்னா இங்கயும் ஒண்ணும் இல்ல. நான் எங்கயும் போறதா இல்ல" என்றேன்.

அடுத்த அறையில் ஒரு பூக்காரம்மா இருந்தாள். மலைப்படி ஆரம்பிக்கிற இடத்தில் அவளுக்குக் கடை. தங்க இடம் தேடுகிற வெளியூர்க்காரர்கள் முதலில் அவளிடம்தான் விசாரிப்பார்கள். தொடுத்துக்கொண்டிருந்த சரத்திலிருந்து தலையைத் தூக்காமல் அவள் சொன்னாள்: "ஆங், நானுந்தான் கேட்டுகினு இருந்தேன். சாமி மேல ஆணை வெச்சிட்டு மாத்துற வூட்ல எவன் காவடியை எறக்குவான்? எங்கிட்ட கேக்குறவங்களுக்கு நான் சொல்லித்தானே ஆவணும்."

தவளை தன் வாயால் கெட்டது. அவன் தோளில் கிடந்த துண்டை உதறிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு நான் சல்லிக்காசு கொடுக்கவில்லை. பாவம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு என் புருஷன்மேல் பொங்கி வந்த பாசத்தைப் பார்க்க வேண்டுமே. "தம்பிகிட்டருந்து கடுதாசி வந்துதா? ஒடம்பு நல்லா கீதா?" என்று தினமும் கேட்பான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆள் போய்விட்டால் தாலியறுத்தவளைக் குழந்தையோடு தெருவில் தள்ளவும் முடியாது, வாடகையும் இல்லை என்ற பயம். கிருத்திகை தவறாமல் மலையேறி அவர் பெயருக்கு அர்ச்சனை செய்து, திருநீறு கொண்டுவந்து கொடுப்பான். அவரைப் பெற்ற தாய் ஆர்.கே.பேட்டையில் மணியார்டர் ஏன் குறைந்தது என்று ஆள்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் உயிரோடு திரும்ப வேண்டும் என்று என்னைத் தவிர ஊரில் மனசார வேண்டிக்கொண்ட ஒரே ஆள் இந்தக் கஞ்சன்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

சண்டை முடிந்து அவர் வந்துவிட்டார். இளைத்துக் கறுத்து, பாதி ஆளாக வந்தார். செய்தி கேட்டதும் அந்த ஆள் மலையேறிப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, தலை நிறையச் சந்தனத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். "தம்பி நல்லபடியா வந்தா முடி குடுக்கிறேன்னு வேண்டிக்கினேம்மா" என்றான். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சே, இந்த மனுஷனைப் போய் என்னென்ன நினைத்தோம் என்று மணையை எடுத்துப் போட்டேன்.

உட்கார்ந்ததும் அவரிடம் கேட்டான்: "இப்ப எந்த ஊருக்குப் போட்டிருக்காங்க, தம்பி? பம்பாயா, பூனாவா?"

"ரெண்டும் இல்ல, நைனா. சண்டை முடிஞ்சுதுன்னு வேலையை விட்டே அனுப்பிட்டாங்க" என்றார் அவர்.

தலையிலிருந்த சந்தனம் காய்வதற்கு முன்பே, காலி பண்ணச் சொல்லிவிட்டு எழுந்து போனான்.